இன்னார் வீட்டுக்குத் தெற்கு

குளத்தூர் வட்டத்துக்குத் தலைமையிடம் குளத்தூர் இல்லை, கீரனூர். வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவகம், கோர்ட்டு எல்லாம் கீரனூரில் இருக்க, பெயர் மட்டும் பக்கத்தில் இருக்கும் குளத்தூருக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் முகவரி எழுதச் சொன்னால் "கீரனூர், குளத்தூர் வட்டம்" என்று எழுதுவோம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் இது ஏன் இப்படி என்று வகுப்பில் கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அது ராஜா காலத்துக் கணக்குடா" என்றார்.

அந்தக் கணக்கு பிறகுதான் புரிந்தது. 1686 வாக்கில் ரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டையில் நிலைகொண்டபோது, அவர் தம்பி நமனத் தொண்டைமான் குளத்தூரை வைத்துக்கொண்டார். அண்ணனுக்குக் கிழக்கே ஓர் அரண்மனை, தம்பிக்கு மேற்கே ஒன்று. இரண்டு மூன்று தலைமுறை குளத்தூர் தனிப் பாளையமாக இருந்து, 1750ஐ ஒட்டிப் புதுக்கோட்டையோடு சேர்ந்துவிட்டது. பாளையம் போனாலும் பெயர் போகவில்லை. புதுக்கோட்டைச் சீமையை ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகாவாகப் பிரித்தபோது தம்பி ஆண்ட ஊரின் பெயர் நின்றது. கச்சேரி கீரனூருக்கு வந்தது. ஊர் என்பது பல பேர் பல காலத்தில் வைத்த அடுக்கு என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது இந்த முகவரியால்தான்.

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவகத்துக்கு எதிரே, ஓலைக்கொட்டகை ஒன்றில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளி விடுமுறை என்றால் எனக்கு அங்கேதான் வேலை: மைக்கூடு நிரப்புவது, பத்திரத்தாள் காற்றில் பறக்காமல் மேலே கல் வைப்பது, எழுதி முடித்ததை அவர் வாய்விட்டு வாசிக்கும்போது நகலோடு ஒத்துப் பார்ப்பது. அந்த வாசிப்பு ஒரு ராகம். புதுக்கோட்டைப் பதிவு மாவட்டம், கீரனூர் சார்பதிவகம், குளத்தூர் வட்டம் என்று மேலேயிருந்து இறங்கி, கிராமம், சர்வே நம்பர் என்று சுருங்கி, கடைசியில் சொத்து விவரத்தில் வந்து நிற்கும். "இதற்கு நான்கெல்லையாவது" என்றதும் அவர் குரல் கொஞ்சம் நிதானப்படும். இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் காணிக்கு மேற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, பொதுப் பாதைக்கு வடக்கு. எழுதிவாங்குகிறவர் இந்த இடத்தில்தான் காதைத் தீட்டிக்கொள்வார். சர்வே நம்பர் அவருக்கு விளங்காது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் விளங்கும்.

அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டே ஊரின் படம் என் மனத்தில் விழுந்தது. ஒரு ராவுத்தர் வீட்டுக்குத் தெற்கே ஓர் ஆசாரி மனை இருக்கும். அதற்கு மேற்கே அம்பலக்காரர் கொல்லை. கொல்லைக்கு வடக்கே ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவ உடையார் ஒருவர். எந்த ஒரு வீட்டையும் அதன் சொந்தக்காரரை மட்டும் வைத்து அடையாளம் சொல்ல முடியாது. நாலு பக்கமும் வேறு யாராவது நின்று, "ஆமாம், இது இன்னாருடையதுதான்" என்று சொன்னால்தான் அது அவருடையது.

வளர்ந்து திருச்சியில் கல்லூரிக்குப் போனபோது நூலகத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுத் தொகுதி கையில் கிடைத்தது. 1929இல் சமஸ்தானம் அச்சிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், ஒரு சின்னச் சீமைக்கு. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இத்தனை எழுத்து சேர்ந்த இடம் தமிழ்நாட்டில் அரிது. முதல் சில பக்கங்களிலேயே எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. கோயிலுக்கு நிலம் விட்டவர்களும், குளத்துக்கு நிலம் கொடுத்தவர்களும், விற்றவர்களும், எல்லாரும் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்றே தொடங்கினார்கள். இந்தப் பெருநான்கெல்லைக்குட்பட்ட நிலம் என்றே முடித்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் உளியால் எழுதியவரும், ஓலைக்கொட்டகையில் கட்டைப் பேனாவால் எழுதியவரும் ஒரே தொழில்காரர்கள்.

கீரனூரில் உத்தமநாத சுவாமி கோயில் உண்டு. சாயங்காலம் அப்பத்தா அங்கே போவாள், நான் கூடப் போவேன். சுவரில் எழுத்து இருப்பது தெரியும். என்ன எழுத்து என்று தெரியாது. அப்பத்தாவுக்கு அது சாமி எழுத்து. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வரிக் கணக்கும் நிலக் கணக்கும் அப்படிக் கும்பிடப்படுவதில் எனக்கு இன்றைக்கும் ஆட்சேபம் இல்லை. ஊரோடு ஊர் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தொட்டுக் கும்பிடுவது நல்ல பழக்கம்தான்.

ஊராட்சி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறவர்களை நான் நார்த்தாமலைக்கு அழைத்துப் போவேன். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில் போய்க் கொஞ்சம் விலகினால் ஒன்பது குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை. பெயர்களைப் பாருங்கள்: பறையர் பெயரும் கோயிலில் பூசையும் இசையும் செய்த உவச்சர் பெயரும் மலையிலேயே இருக்கிறது. மேலமலையில் விஜயாலய சோழீசுவரம் மேற்கு பார்த்து நிற்கிறது, வட்டமான கருவறை. அதைக் கட்டியவர் முத்தரையர் தலைவர் சாத்தன் பூதி என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள். சின்னது பழியிலீசுவரம்: பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் சாத்தன் பழியிலி குடைவித்தது, நந்தியும் மண்டபமும் அவர் மகள் செய்தது. பெரியது சமணர்குடகு. சமணர் இருந்த குகை. 13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பெருமாள் கோயிலாக மாறியது. உள்ளே சுவரில் பன்னிரண்டு பெருமாள்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த மாற்றம் எவ்வளவு சுமுகமாக நடந்ததோ, கல் சொல்லவில்லை. ஆனால் மக்கள் பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டே அந்த இடத்தைச் சமணர்குடகு என்றே கூப்பிடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த நார்த்தாமலை சோழர் காலத்தில் ஒரு நகரம். நகரம் என்றால் பெரிய ஊர் என்று பொருளில்லை. வணிகர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட ஊர். பிராமணர் ஊருக்குச் சபை, வேளாளர் ஊருக்கு ஊர், வணிகர் ஊருக்கு நகரம், இவற்றையெல்லாம் கூட்டிய வட்டாரத்துக்கு நாடு. தெலுங்ககுலகாலபுரம் என்று நார்த்தாமலைக்கு அப்போது பெயர். அங்கே இருந்த நகரத்தார், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவோடு தொடர்புடையவர்கள். அந்தக் குழுவுக்குத் தாயிடம் கன்னட நாட்டு ஐகொளே. கிளைகள் தெற்கே எல்லாத் திசையிலும், கடல் கடந்தும். ஆகவே இந்த வறண்ட பாறைகளுக்கு நடுவே கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசுகிற ஆட்கள் கழுதைப் பொதியோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். நிலம் விற்றிருக்கிறார்கள், குளத்துக்கும் கோயிலுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கீரனூர்ச் சுற்றுவட்டாரத்தில் முதல் நகராட்சி எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீர் இல்லாத சீமையில் இத்தனை பேர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கும் பதில் கல்லிலேதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், குளங்கள். ஆறு என்று சொல்லிக்கொள்ள வெள்ளாறு. அதிலும் மழைக்குத்தான் தண்ணீர். ஆகவே மழையைப் பிடித்து வைப்பதே ஆட்சி. குளத்துக்குள் நிற்கும் குமிழித் தூம்புக் கல்லில், அதைச் செய்து வைத்தவர் பெயர் வெட்டியிருக்கும். தலைவர்கள் மட்டுமில்லை, சாதாரண ஆட்களும். சின்ன வயதில் குளம் வற்றியபோது அந்தக் கல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு கல்தூண், நடுவே குறுக்குக் கட்டை, கீழே ஓட்டை போட்ட பெட்டி மாதிரி ஒரு தொட்டி. ஓட்டை வழியாக விரலை விட்டால் சில்லென்று சேறு. தண்ணீர் மேல் ஓட்டையில் இறங்கும், கீழ் ஓட்டையில் சேறு வெளியேறும் என்று மடை திறக்கிறவர் சொல்லிக்கொடுத்தார். சேற்றையும் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றி, குளம் தானே தன்னைத் தூர்வாரிக்கொள்ளும் ஏற்பாடு. எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கள் கண்டுபிடித்தது.

மடை திறப்பவருக்கும் ராவுத்தர் மாமாவுக்கும் வருஷத்துக்கு ஒருமுறையாவது சண்டை வரும். மாமா வயல் கடைமடை. ராவுத்தர் மாமா எங்கள் வீட்டுக்கு வடக்கெல்லை. அப்பாவுக்கு அவர் மச்சான், அவருக்கு அப்பா மாப்பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் ரத்த சம்பந்தம் எதுவுமில்லை. இந்தப் பக்கமெல்லாம் ராவுத்தர்களோடு முறை வைத்துத்தான் பேசுவது. அவர் மனைவியை நான் மாமி என்பேன். நோன்புக் கஞ்சி மண் கலயத்தில் வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து கரும்பு போகும். இதைச் சொல்லும்போது பலரும் இனிப்பாகத் தலையாட்டுவார்கள். ஆனால் கஞ்சியும் கரும்பும் சும்மா வந்துவிடாது. சுவரில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குவது, முருங்கைக்கிளை யார் பக்கம் சாய்ந்தது, தெருக்குழாயில் முதலில் யார் குடம் என்று வருஷம் முழுக்க வாயடித்து, பேசாமல் இருந்து, மறுபடி பேசிய பிறகு வருவது அது. அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை.

புதுக்கோட்டைச் சீமைக் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அரசன் வெற்றியைச் சொல்வது இல்லை. பாண்டியர் பிடி தளர்ந்த காலம். ஆயுதம் ஏந்திய ஊர்த்தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் மோதுகிறார்கள். அப்படி மோதுகிறவர்களே கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். நமக்குள் சண்டை வந்தாலும் ஊர்களை அழிப்பதில்லை. உழுகிற குடிகளுக்கும் வழிப்போக்கு வியாபாரிகளுக்கும் தீங்கு செய்வதில்லை. மீறியது தனியாள் என்றால் இவ்வளவு பணம் தண்டம். ஊராகச் சேர்ந்து மீறினால் அதைவிடப் பல மடங்கு. சண்டையே போடமாட்டோம் என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. சண்டை வரும், ஆனால் எதைத் தொடக்கூடாது என்று வகுத்தார்கள். ஊராகச் செய்கிற குற்றம் தனியாள் குற்றத்தைவிடப் பெரிது என்றும் வகுத்தார்கள். ஓர் ஊர் என்று பிறந்தது என்று கேட்டால், அங்கே முதல் வீடு கட்டிய நாளைவிட இப்படி ஓர் ஒப்பந்தம் எழுதிய நாளைத்தான் நான் பிறந்தநாளாகக் கொள்வேன்.

அதே காலத்தில் பாடிகாவலும் விலைக்குப் போனது. வரி கட்ட முடியாத ஊர்கள், காவல் உரிமையைப் பலம் உள்ள தலைவனுக்கு விற்றுப் பணம் கட்டின. காப்பவன் வருஷா வருஷம் விளைச்சலில் பங்கு வாங்கிக்கொள்வான். அப்படிக் காவலில் வளர்ந்தவர்கள் பாளையக்காரர்கள் ஆனார்கள், அவர்களில் ஒரு குடும்பம் ராஜாவாயிற்று. ஊர் தன்னைத் தானே ஆண்ட காலம் அங்கே ஒரு முடிவுக்கு வந்தது.

அப்பத்தாவின் சுருக்குப்பையில் அம்மன் காசுகள் சில கிடந்தன. ஓரணாவுக்கு இருபது. சுண்டுவிரல் நகத்தளவுச் செம்பு. ஒரு பக்கம் பிரகதம்பாள், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய என்று இருக்கும். நவராத்திரியில் ராஜா கையரிசியோடு இந்தக் காசும் கொடுத்த கதையை அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். காசில் ஏன் தெலுங்கு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தமிழ்ச் சீமை, தெலுங்கில் காசு, மராத்தியும் தெலுங்கும் தாய்மொழியாகக் கொண்ட அதிகாரிகள், சைவ ராஜா. அந்த ராஜ்யத்துக்குள்ளேயே ஆவூரில் யேசு சபைப் பாதிரிமார்.

ஆவூர் கோயிலுக்கு ராவுத்தர் மாமா வீட்டு மாட்டுவண்டியில்தான் நாங்கள் முதலில் போனோம். ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கு நாடகம், பிறகு தேர். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் புஷே பாதிரியார் அங்கே கோயில் எழுப்பினார். இப்போது நிற்கும் பெரிய கோயில் 1747ஐச் சேர்ந்தது. வீரமாமுனிவரும் அங்கே பணி செய்திருக்கிறார். எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. மேடையில் ஏசுவைச் சாட்டையால் அடித்தபோது மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது மட்டும் நினைவிருக்கிறது. திரும்பும்போது வண்டியில் அப்பத்தா கேட்டாள்: "ஏத்தா, நீ எதுக்கு அழுத?" மாமி சொன்னாள்: "அடிக்கிறானுகளே அத்தை, பாத்துக்கிட்டு எப்படி இருக்க?"

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல் என்றால் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பூத்தட்டு போகும். மலையடிப்பட்டியில் ஒரே பாறையில் சிவன் ஒரு பக்கம், பெருமாள் ஒரு பக்கம். சிவன் குடைவரை தந்திவர்ம பல்லவன் காலத்தில் குவாவன் சாத்தன் குடைவித்தது. இதையெல்லாம் தனித்தனியே பார்க்க வருகிறவர்கள் உண்டு. சிற்பம் பார்ப்பவர்கள் மலையடிப்பட்டிக்கும் குன்றாண்டார்கோயிலுக்கும், வேண்டுதல் உள்ளவர்கள் நார்த்தாமலைக்கும், கிறிஸ்தவர்கள் ஆவூருக்கும். நடுவில் கீரனூரில் எல்லாரும் பஸ் மாறுவார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டாக இருப்பது குறைவான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

1929இல் திருச்சி–புதுக்கோட்டை ரயில் வந்தபோது கீரனூரில் ஸ்டேஷன் வைத்தார்கள். அதன்பிறகு ஊர் ரயில் பக்கமாகவும் சாலைப் பக்கமாகவும் இழுபட்டு நீண்டது. கடலைத் தரகு, அரிசி மண்டி, சந்தை, லாரி ஷெட்டு. தாத்தா காலத்தில் பத்திரத்தில் வராத சாதிப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் அப்பா காலத்தில் எல்லைகளாக வரத் தொடங்கின. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தில் ஒரு துண்டானது. 1974 ஜனவரி 14, பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டம். இந்த இரண்டு நாளையும் அப்பா தேதி தவறாமல் சொல்வார், காரணம் தொழில்: பத்திரத்தின் முதல் வரி அன்றன்றைக்கு மாறியது.

ஊர் கிராமமா நகரமா என்பது மட்டும் தீர்ந்தபாடில்லை. 1981இல் தமிழ்நாட்டில் பேரூராட்சிகளுக்கென்று தனி இயக்குநரகம் வந்தது. நாங்கள் பேரூராட்சி. 2004இல் மாநிலத்தின் 561 பேரூராட்சிகளையும் ஒரே அடியாகச் சிறப்புச் சிற்றூராட்சி ஆக்கினார்கள். கிராமங்களுக்கு வரும் மத்திய நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006இல் திரும்பப் பேரூராட்சி. பலகையில் எழுத்தை அழித்து எழுதினார்கள், மறுபடி அழித்து எழுதினார்கள். பேரூராட்சி எல்லைக்குள் இருந்தவருக்கு ஊரக நூறுநாள் வேலை கிடைக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சியில் இருந்த அவர் அக்காவுக்குக் கிடைத்தது. இருவருடைய கையிலும் ஒரே மண்வெட்டிக் காய்ப்பு. 2016 முதல் 2022 பிப்ரவரி வரை பேரூராட்சித் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்தான் ஊரை நடத்தினார். தொகுதி மறுசீரமைப்பில் குளத்தூர் சட்டமன்றத் தொகுதி மறைந்து நாங்கள் கந்தர்வகோட்டைக்குப் போனோம். புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியும் மறைந்து திருச்சிக்கு வாக்களிக்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு நார்த்தாமலை நகரத்தார் தங்கள் குளத்தைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நல்ல காலமும் இருந்தது. 1991இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. எங்களுக்கு அது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மைதானம். ராவுத்தர் மாமி, அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும், முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு ஆம்பளை சைக்கிளில் ஏறினாள். பிடித்துக்கொண்டு ஓடியவள் கல்லுடைக்கிற பெண் ஒருத்தி, காலனிக்காரி. மாமி விழுந்தாள், எழுந்தாள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். பார் வைத்த ஆம்பளை சைக்கிளே வசதி, முன்னால் பிள்ளையை உட்கார்த்தலாம் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். பாறைக் குவாரிகளின் குத்தகையை அங்கே கூலிக்கு உடைத்த பெண்களின் குழுக்களுக்கே கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அடுத்த மாதம் மாமி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வட்டிக்கணக்குப் போட்டாள். அதற்கு முன் அந்தத் திண்ணையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவின் கஞ்சியையும் கரும்பையும் பற்றி எழுதுகிறவன் அந்தத் திண்ணையைப் பற்றியும் எழுத வேண்டும். மச்சான், மாப்பிள்ளை, மாமி, அத்தை என்று முறை வைத்த ஊர், காலனிக்கு முறை வைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த ஊர்க்கணக்குகளில், வரியில்லாத நிலங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று வருகிறது. ஆட்களின் பெயர் வராது, சேரி என்று மட்டும் வரும். நாலெல்லைக்குள் அது கழிக்கப்பட்ட நிலம். 2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, நேரில் போன ஆட்சியர் பக்கத்து இறையூரில் இரட்டைக் குவளையையும் கோயில் தடையையும் கண்டார். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தப் பாண்டியர் காலத்து உடன்படிக்கைதான் நினைவுக்கு வந்தது. உழுகிறவனுக்குத் தீங்கு செய்வதில்லை என்று எழுதியவர்கள் தண்டத் தொகையையும் எழுதினார்கள். தண்ணீரைத் தொடுவதற்கு என்ன தண்டம்? குமிழித் தூம்பை வெட்டி வைத்த சீமையில் இது நடக்கலாமா?

அப்பா காலத்துப் பத்திரங்களில் காலனிக்குப் பக்கத்து நிலம் வந்தால், "சேரிக்குத் தெற்கு" என்றோ "காலனிக்குத் தெற்கு" என்றோதான் எல்லா எழுத்தர்களும் எழுதுவார்கள். ஆட்சேபிக்க ஒருவரும் இல்லை. அறிவொளிக்குப் பிந்தைய வருஷங்களில் ஒருநாள் ஒருவர் மனை வாங்க வந்தார். வடக்கெல்லை காலனி. அப்பா வழக்கம்போல எழுதப் போனவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே அங்கே வீட்டுமனைப் பட்டா கொடுத்தாகிவிட்டதே என்றார். என்னை வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பிப் பதிவேட்டைப் பார்த்து வரச் சொன்னார். அந்த மனைக்குப் பட்டாதாரர் ஒரு பெண். பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வந்தேன். அது மாமியின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடியவளின் பெயர்.

வாங்க வந்தவருக்கு முகம் மாறியது. "காலனின்னே போட்டுருங்கண்ணே, போதும். பின்னாடி விக்கும்போது..." என்று இழுத்தார்.

"காலனி எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடாது தம்பி. நாளைக்கு வேலித் தகராறுன்னு வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். வேறு எழுத்தரிடம் போய்விடுவார் என்றே நினைத்தேன். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, முகூர்த்த நேரம் முடிகிறது, எதிர்ப்பக்கம் விற்கிறவர் டீக்கடையில் காத்திருக்கிறார். சரி என்று தலையை ஆட்டினார். அப்பா அந்தப் பெயரை முழுதாக, கணவர் பெயரோடு எழுதி, "மனைக்குத் தெற்கு" என்று சேர்த்தார். வாசித்துக் காட்டினார். நான் நகலோடு ஒத்துப் பார்த்தேன். மூன்று மணிக்கு முன்னால் பத்திரம் பதிவுக்குப் போயிற்று.